முறை கேட்டு அடிக்கிற ஊர்

என்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்கு மிச்சமிருக்கும் மரியாதையும் போய்விடும். நேரம் பட்டப்பகல். இடம் பழனி மலையில் பண்ணைக்காட்டுக்குக் கீழே ஒரு சிறிய ஊர், அம்மன் கோயில் முன்வெளி. வந்தவன் கையில் இருந்த ஆயுதம் விளக்குமாறு. வீடு கூட்டித் தேய்ந்து, சேற்றில் ஊறி, ஈர்க்கெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்த விளக்குமாறு. குண்டுக்கும் கடலுக்கும் தப்பி ஐரோப்பா போய், கால் நூற்றாண்டு ஒழுங்காக வரி கட்டி, நாற்பத்தெட்டு வயதில் விளக்குமாற்றால் சாகப்போகிறேன் என்று முழுமனதாக நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் டென்மார்க்கில், யூலாந்துப் பக்கம் ஒரு சிறிய நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவன். பிள்ளைகள் இருவரும் வீட்டை விட்டுப் போன பிறகு ஒரு ஆசை வந்து தோட்டக்கலைப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் என் மகளின் வயது. ஒரு வருடம் வெளிநாட்டில் பரிமாற்ற மாணவராகப் படிக்கலாம் என்றார்கள். மற்றப் பெடியள் கனடா, ஆஸ்திரேலியா என்று கேட்க, நான் கோப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற கொடைக்கானல் மலையைக் கேட்டேன். என் மனைவி வதனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்: "உங்களுக்கு என்ன விசரோ? எக்ஸ்சேஞ்ச் எண்டா, உங்களைக் குடுத்துப்போட்டு அங்கயிருந்து யாரை வாங்கப்போறம்? பாத்து நல்லதா ஒண்டை அனுப்பச் சொல்லுங்கோ." நான் அசையவில்லை. தமிழ் நாடு, தமிழ்ச் சனம், நான் தமிழன். மற்றவர்கள் முதல் மூன்று மாதம் பாஷை தெரியாமல் முழிப்பார்கள், நான் முதல் நாளே வீட்டுக்காரன் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் காலையிலேயே அந்தக் கணக்கு பிழைத்தது. டென்மார்க்கில் என் எதிர்வீட்டுக்காரர் இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, குப்பை வண்டி வருவது செவ்வாயா புதனா என்பது. நல்ல மனிதர், அதற்கு மேல் என்னைப் பற்றித் தெரிந்துகொள்வது நாகரிகமில்லை என்று நினைக்கிறவர். இங்கே தேநீர்க்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், வேலியில் சேலை காயப்போடுகிற பெண், ஆட்டை இழுத்துப்போகிறவர், ஜீப்பின் பின்னால் தொங்குகிறவர் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" பாண்டி வீட்டுக்கு என்றால் அது போதாது. "பாண்டிக்கு நீங்க என்ன முறை?" பாண்டி எனக்கு அறை வாடகைக்குத் தந்த கோப்பித் தோட்டக்காரர், எனக்கு அவர் முறையாக என்ன இருக்க முடியும்? "சொந்தம் இல்ல, ஸ்டூடண்ட்" என்பேன். என் நரைத்த மீசையைப் பார்த்துவிட்டு, பாவம் மறை கழன்றவர் என்று தீர்மானித்துப் போய்விடுவார்கள்.

அவர்கள் சும்மாதான் கேட்டார்கள். என் உடம்புக்கு மட்டும் அது விளங்கவில்லை. பதினேழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது பொலிஸார் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கேயும் இதே கேள்விதான். எந்த ஊர்? யாருடைய ஆள்? யாரிடம் வந்தாய்? ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் மண் நிரப்பிய எஸ்லோன் பிளாஸ்டிக் குழாய் ஒன்று முதுகில் இறங்கும். யாருடைய ஆளும் இல்லை என்பதுதான் உண்மை, அதற்குத்தான் அடி அதிகம். அதனால் பண்ணைக்காட்டில் ஒரு கிழவர் வெற்றிலைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு "யாரு ஆளுங்க?" என்று கேட்டால், என் வாய் "வணக்கம் ஐயா" என்று சொல்லும். முழங்கால் இரண்டும் தனியாகக் கலந்து பேசி ஓடுவதற்கு முடிவெடுக்கும். எந்த வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். செருப்பை வாசல் பார்த்துத்தான் விடுவேன். டென்மார்க்கில் இதை யாரும் கவனித்ததில்லை. இங்கே பாண்டியின் மனைவி சோதி இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள்: "ஏண்ணே, எப்பப் பாத்தாலும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே உக்காந்திருக்கீங்க?"

மலையும் எனக்குச் சாதகமாக நடந்துகொள்ளவில்லை. படங்களில் பனியும் பூவுமாக இருக்கிற மலை, கிட்டப் போனால் எந்நேரமும் எதையாவது உடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மழை வந்தால் பாதையில் பாதி பள்ளத்தில் கிடக்கும். பலாப்பழம் விழுந்து கூரை ஓடு நொறுங்கும். ஒரு நாள் கொடைக்கானலில் வகுப்பு முடிந்து இறங்கி வரும்போது பெருமாள்மலையில் பேருந்து மாறக் காத்திருந்தேன். காட்டுமாடு ஒன்று, ஒரு சின்ன லாரி அளவு இருக்கும், கடைத்தெருவுக்குள் நடந்து வந்தது. யாரும் அவசரப்படவில்லை. கடைக்காரர் வாழைக்குலையை உள்ளே இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு யாரோ ஒலிப்பானை அடித்தார்கள். மாடு தலையைத் தாழ்த்தி, நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டர் ஒன்றைக் கொம்பால் குத்தித் தூக்கி, அசைத்துப் பார்த்து, சுவரில் எறிந்தது. பெற்றோல் வழிந்தது, கண்ணாடித் துண்டுகள் என் காலடி வரை வந்தன. நான் எப்போது ஏறினேன் என்று தெரியாது. கண் திறந்தபோது ஒரு ஜீப்பின் கூரையில் படுத்திருந்தேன்.

"ஏண்ணே, மாடு உங்களக் கேட்டுச்சா? அதுபாட்டுக்குப் போகுது." கீழே நின்று கேட்டவர் அந்த ஜீப்பின் சொந்தக்காரர். தடித்த கழுத்து, சிரிப்பு நிறைந்த முகம். கையைக் கொடுத்து இறக்கிவிட்டு, தன் காசில் தேநீர் வாங்கித் தந்தார். வழமையான கேள்வி வந்தது. பாண்டி வீடு என்றேன். அந்த முகம் ஷட்டர் இழுத்து மூடினதுபோல் மூடியது. தரையில் துப்பினார், ஜீப்பை எடுத்தார், நான் இருக்கிற பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

அன்று மாலை இதைச் சொன்னபோது, முறத்தில் கோப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த சோதியின் கை நின்றது. "கழுத்து தடிச்சு இருந்தாரா? வலது புருவத்துல தழும்பு?" ஓம் என்றேன். "அது எங்கண்ணன் தவசி" என்றாள். "நல்லா இருக்காரா? மெலிஞ்சிருக்காரா?"

சங்கதி சின்னதுதான். தவசிக்கு வீடு பெருமாள்மலையில், ஆனால் அவருடைய தோட்டமும் பாண்டியின் தோட்டமும் அடுத்தடுத்து. எல்லையில் நின்ற சில்வர் ஓக் மரம் பாண்டியுடையது, அதில் ஏறியிருந்த மிளகுக்கொடி தவசியுடையது. ஒரு நாள் பாண்டி மரத்தை வெட்டினார். தவசி அரிவாளோடு வந்தார். பாண்டியின் முன்கையில் முழங்கை வரை ஓடுகிற தழும்பு அன்றையது. தவசியின் புருவத்தைப் பிளந்தது பாண்டி எறிந்த கல். அன்றிலிருந்து ஆறு வருடமாக மச்சான்கள் இருவருக்கும் பேச்சில்லை, சோதிக்கு அண்ணன் வீட்டு வாசல் இல்லை. இப்போது தவசியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "அவளத் தூக்கி வளத்தவ நான்" என்றாள் சோதி. "அவ கல்யாணத்துல அத்தை நிக்க வேண்டிய எடத்துல வேற எவளோ நிப்பா. நான் இங்கன கொட்டை பெறக்கிட்டு இருப்பேன்." பாண்டி உள்ளே இருந்து, "போகணும்னா போ, யாரு புடிச்சா?" என்று கத்தினார். "நீங்க வராம நான் மட்டும் போனா எங்கண்ணன் வாசல்லயே கேப்பாரு, புருசன் எங்கன்னு. என்ன சொல்ல?" பதிலுக்கு ஒரு தட்டு சுவரில் மோதியது.

அந்த வீட்டில் இருவருமே என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பஸ் நடத்துனரிலிருந்து மீன்காரர் வரை எல்லோரும் அண்ணைதான், நான் அதை அந்த அளவில்தான் எடுத்துக்கொண்டேன். விளங்காத எதையும் நான் அங்கே கேட்டதில்லை என்பதையும் சொல்லவேண்டும். என்னோடு வந்திருந்த டேனிஷ் பெண் மெட்டே எல்லாவற்றையும் கேட்பாள். இது ஏன், அது எதற்கு என்று. ஊரே கூடி அவளுக்கு விளக்கம் சொல்லும். என்னைப் பார்த்து யாரும் விளக்கமாட்டார்கள், முகம் அவர்களுடையது, பாஷை ஏறக்குறைய அவர்களுடையது. எனக்கும் கேட்க வெட்கம். தமிழனுக்குத் தமிழன் கேட்பதா? "தெரியும், தெரியும்" என்று தலையாட்டியே பாதி வருடத்தை ஓட்டினேன்.

திருவிழாவுக்கு முதல் நாளும் அப்படித்தான் தலையாட்டினேன். சோதி என் அறைக்கு வந்து, "அண்ணே, உங்க ரூம் வெளக்கமாத்தக் குடுங்க. புதுசு ஆகாது, கூட்டித் தேஞ்சதா இருக்கணும்" என்று வாங்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நாளைக்கு எங்கண்ணன் வாரார்ணே. ஆள் விட்டுப் பேசி வரச்சொல்லியிருக்கேன். நாளையோட இதுக்கு ஒரு முடிவு. அடிச்சாத்தேன் தீரும்."

"தெரியும்" என்றேன்.

"நீங்க இவரு பக்கத்துலயே நில்லுங்க. விட்றாதீங்க. நீங்கதேன் இருக்கீங்க எனக்கு."

கணவனின் உயிரை என்னிடம் ஒப்படைக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். விடியும்வரை வதனிக்கு என்ன செய்தி அனுப்புவது என்று யோசித்து, கடைசியில் காப்புறுதிக் கடிதம் எந்த மேசை லாச்சியில் இருக்கிறது என்று மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் கோயில் முன்வெளியில் நான் கண்டதை, எவரும் எதையும் விளக்காத ஒருவனின் கண்ணால் பாருங்கள். பறை காதுக்குள் இறங்கி நெஞ்சுக்கூட்டை உள்ளிருந்து அடிக்கிறது. வாய்க்காலை வெட்டி விட்டு வெளி முழுவதும் முழங்காலளவு சேறு. உடம்பெல்லாம் சேறு பூசிய ஆண்கள் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள், சேற்றில் தோய்த்த விளக்குமாற்றால் முதுகிலும் தோளிலும் முகத்திலும் விளாசுகிறார்கள். ஈர்க்கு பட்ட இடமெல்லாம் சிவந்து கீறல். ஒருவன் வாயிலிருந்து இரத்தமும் சேறும் சேர்த்துத் துப்புகிறான். பெண்கள் ஓரத்தில் நின்று குலவை போடுகிறார்கள். பூக்கடை மாரியக்கா ஒரு விளக்குமாற்றுக் குவியலின் மேல் ஏறி நின்று, வருகிறவனையெல்லாம் மறித்து, "யாரு ஆளு நீ? என்ன முறை?" என்று கேட்டுக் கேட்டு ஆயுதம் விநியோகிக்கிறாள். கொழும்பில் கேட்ட கேள்வி. அதே வரிசை. கேள்வி முதலில், அடி பிறகு.

அப்போது கூட்டம் விலகியது. தவசி வந்தார். சட்டை இல்லை, நெஞ்சிலிருந்து சேறு வழிகிறது. "ஏலே பாண்டி! வாடா இங்கிட்டு! ஆறு வருசம்டா! இன்னைக்கு உன்னய விட்டேனா பாரு!" பாண்டி என் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றார். தவசி கையை ஓங்கினார். அந்தக் கையில் நான் கண்டது அரிவாள். அம்மன் சத்தியமாக அரிவாள்தான், வெயிலில் மின்னியது.

நான் பாய்ந்தேன். பாண்டியை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கினேன். வாயிலிருந்து வந்தது தமிழ் அல்ல. "யெல்ப்! யெல்ப்!" காப்பாற்றுங்கள் என்பதற்கு டேனிஷ். கடைசி நேரத்தில் கூப்பிட இந்தப் பாஷைதான் கிடைத்தது என்பதில் எனக்கு இன்றும் அவமானம். ஆனால் அது வேலை செய்தது. "சாமி வந்திருச்சு! வழி விடுங்கப்பா!" என்று மாரியக்கா கத்த, சனம் கைகூப்பிக்கொண்டு வழிவிட்டது. பெண்கள் குலவையை உயர்த்தினார்கள். திமிறிக்கொண்டிருந்த பாண்டியை அவருடைய ஜீப்பிலேயே எறிந்து, சாவியைத் திருப்பினேன்.

பேருந்து ஓட்டிய அனுபவம் முழுவதையும் அந்த மலைப்பாதையில் செலவழித்தேன். வளைவுக்கு வளைவு பாறையில் உரசினேன், ஒரு பக்கக் கண்ணாடி பறந்தது, பாதை ஓரக் கல்லொன்று பள்ளத்தில் உருண்டு போகிற சத்தம் கேட்டது. பாண்டி "நிப்பாட்டுங்கண்ணே! நிப்பாட்டுய்யா! நிப்பாட்டுடா டேய்!" என்று மரியாதை படிப்படியாகக் குறைந்து கத்திக்கொண்டே வந்தார். அதிர்ச்சியில் பேசுகிறார் என்று நினைத்தேன். என் கையைக் கடித்தார். அதையும் அதிர்ச்சிக் கணக்கில் எழுதினேன். ஒரு கொண்டை வளைவில் வாழைக்குலை ஏற்றிய லாரி குறுக்கே நின்றது. பிரேக்கை மிதித்து, லாரியின் பின்பலகைக்கு ஒரு சாண் தள்ளி நின்றேன். எஞ்சின் அணைந்தது. பாண்டி என்னைத் திருப்பி, கன்னத்தில் ஒன்று விட்டார். காதுக்குள் டென்மார்க் வரை மணி அடித்தது.

"அடி வாங்கத்தானய்யா நின்னேன்!" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். "ஆறு வருசம் கழிச்சு அடிக்க வந்தான். ரெண்டு போட்டு, நான் ரெண்டு போட்டு, சேத்தோட சேத்தா கட்டிப்புடிச்சுக் கழுவிட்டு வந்திருப்போம். அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பா."

லாரி விலகும்வரை, வாழ்க்கையில் முதல்முறையாக, நான் கேள்வி கேட்டேன். அவர் விட்டு விட்டுப் பதில் சொன்னார். அந்த ஊரில் மனத்தாங்கல் உள்ள மாமன் மச்சான்மார் அம்மன் முன்னால் விளக்குமாற்றால் அடித்துத் தீர்த்துக்கொள்வார்கள். அண்ணன் தம்பி, பங்காளிகள் ஒருவரை ஒருவர் அடிக்கக்கூடாது. மச்சான் முறை உள்ளவன்தான் அடிக்கலாம், வாங்கியவன் திருப்பி அடித்தே ஆகவேண்டும், அடிக்காவிட்டால் உறவு வேண்டாம் என்று பொருள். ஓடினவனுக்கு அந்த வருடம் மறுபடி இடமில்லை. கல்யாணமோ அடுத்த மாதம்.

"விட்றாதீங்கன்னு உங்ககிட்டத்தான சொன்னா?" என்றார் பாண்டி. "நான் நழுவிருவேன்னு பயந்துதேன் சொன்னா. எனக்கே பயந்தான் இருந்துச்சு. நின்னுருவேன்னு நெனச்சேன். நின்னுட்டேன். நீங்க தூக்கிட்டீங்க."

திரும்பி ஏறியபோது பறை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. தவசி விளக்குமாற்றைச் சேற்றில் எறிந்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். சோதி அவரிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். எங்கள் ஜீப்பைக் கண்டதும் கூட்டம் சிரித்தது. "பாண்டி சாமி மலையெறங்கிட்டு வந்திருச்சுடா!" என்று ஒருவன் ஊளையிட்டான். பாண்டி வண்டியை விட்டு இறங்கவில்லை. இறங்கினாலும் பயனில்லை. "ஓடுனவன நான் அடிச்சா எனக்குத்தான் அசிங்கம்" என்றார் தவசி, தங்கையைப் பார்க்காமல். "ஏத்தா, நீ வீட்டுக்குப் போ. அவ்வளவுதான் நமக்கு."

சோதி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் இறங்கினேன். வீரம் ஒன்றும் இல்லை. அவள் போகவேண்டிய கல்யாணத்தை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்தவன் நான், கதவுக்குப் பக்கத்தில் உட்கார அங்கே கதவும் இல்லை. "பிழை என்னிலதான்" என்று தவசியிடம் சொன்னேன். "அவர் ஓடேல்லை. நான்தான் கொண்டு ஓடினனான். அவருக்குப் பதிலா என்னை அடியுங்கோ."

தவசி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜீப் கூரையில் படுத்திருந்தவன் என்று அடையாளம் தெரிந்திருக்கவேண்டும். "நடுவுல நீங்க யாருங்க? உங்கள எப்படி அடிக்க? என்ன முறை நீங்க?"

"எனக்கு அண்ணன்!" என்றாள் சோதி சேற்றிலிருந்து.

"எனக்கும் அண்ணன்தான்" என்றார் பாண்டி ஜீப்பிலிருந்து.

மாரியக்கா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "நல்லாருக்குய்யா கதை! புருசனுக்கும் அண்ணன், பொண்டாட்டிக்கும் அண்ணன்னா, அப்ப அதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சியா? ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கண்ணே. சோதிக்கு அண்ணன்னா தவசிக்கும் பங்காளி, வெளக்கமாத்தத் தொடக்கூடாது. பாண்டிக்கு அண்ணன்னா தவசிக்கு மச்சான், பாண்டி வீட்டுக்காக வாங்கலாம். வெரசா சொல்லுங்க, எனக்குச் சோலி கெடக்கு."

யாருடைய ஆள் நீ? முப்பது வருடமாக நான் தப்பி ஓடிய கேள்வி, சேற்றில் நின்றுகொண்டு பதிலுக்குக் காத்திருந்தது. டென்மார்க்கில் இதற்கு என்னிடம் கடவுச்சீட்டு இருந்தது, பேருந்து அனுமதிப்பத்திரம் இருந்தது, பதில் இருந்ததில்லை. சோதியைப் பார்த்தேன். அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் வந்து நின்றது. "பாண்டியின்ர அண்ணன்" என்றேன்.

முதல் அடி வலது தோளில் விழுந்தது. ஈர்க்கு தோலைக் கிழித்த எரிச்சலுக்கு முன்னால், பதினேழு வயது முதுகு தானாக வளைந்தது, கை தலையைப் பொத்தியது. நிற்கவேண்டும் என்று முழங்காலிடம் கெஞ்சினேன். இரண்டாவது அடி கழுத்தில். சேறு கண்ணுக்குள் போனது. தவசி விளையாட்டுக்கு அடிக்கவில்லை. மரத்துக்கும் மிளகுக்கொடிக்கும் புருவத்துக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து அடித்தார். பல் உதட்டைக் கிழித்து உப்புக் கரித்தது. நான் நின்றேன். கால்சட்டை நனைந்தது, சேறு என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். பிறகு யாரோ என் கையில் ஒரு விளக்குமாற்றைத் திணித்தார்கள். "திருப்பி அடிங்கண்ணே! அடிக்காட்டி முறை இல்லன்னு ஆயிரும்!"

நான் யாரையும் அடித்ததில்லை. அடிக்கத் தெரியாதவன் என்று என்னைப் பற்றி ஒரு நல்ல எண்ணம் வைத்திருந்தேன். முதல் அடி தடவிக்கொடுத்ததுபோல் விழுந்தது, கூட்டம் சிரித்தது. இரண்டாவது அடிக்குக் கை உயர்ந்தபோது என்ன நடந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரியாது. கண் முன்னால் தவசி இல்லை. எஸ்லோன் குழாய் வைத்திருந்தவன் இருந்தான். அடித்தேன். இன்னும் அடித்தேன். விளக்குமாற்றின் கட்டு அவிழ்ந்து ஈர்க்கு பறந்தது, வெறும் கைப்பிடியால் அடித்தேன். பறை நின்றுவிட்டது எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து நிறுத்தியது சோதி. "போதும்! எங்கண்ணன் அது, போதும்!"

தவசி முழங்காலில் இருந்தார். காதோரம் இரத்தம். என்னிடமும் ஒரு கை இருக்கிறது, அது நன்றாக அடிக்கும் என்பதை அந்த வருடத்தில்தான் கற்றுக்கொண்டேன். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம், எந்தப் பெருமையும் இல்லாமல்தான் சொல்கிறேன். தவசி மெல்ல எழுந்து, சேற்றைத் துப்பி, என் தோளில் கையைப் போட்டார். "அடேங்கப்பா. பாண்டிக்கு இப்படி ஒரு அண்ணன் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அரிவாளயே தூக்கியிருக்க மாட்டேன் மச்சான்." சனம் வெடித்துச் சிரித்தது, பறை மறுபடி எழுந்தது. நான் அப்போது அழுதேன் என்று பாண்டி சொல்கிறார். வாய்க்காலில் இறங்கி, வழக்கப்படி, ஒருவர் முதுகை ஒருவர் கழுவினோம். என் முதுகின் பழைய தழும்புகளின் மேல் அவர் கை நின்றது. "இது நான் போட்டது இல்லையே?" என்றார். இல்லை என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

எல்லாம் சுபம் என்று நினைக்கவேண்டாம். அன்று மாலை சோதி எனக்குத் தேநீரைக் கையில் தரவில்லை. நிலைப்படியில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, "எடுத்துக்கங்க மச்சான்" என்றாள். புருசனின் அண்ணன் அல்லவா. பஸ்ஸுக்கு நிற்கிறீர்களா என்று கேட்கிற கேலி அதோடு போயிற்று. கல்யாணத்துக்கு அவள் போனாள், அத்தை நிற்கவேண்டிய இடத்தில் நின்றாள். பாண்டி வீட்டுச் சார்பில் யார் என்று வாசலில் கேட்டபோது நான் கையை உயர்த்தினேன், முழங்கால் எதுவும் சொல்லவில்லை. ஓடினவர் கணக்கில் இருந்த பாண்டி மண்டபத்துக்கு எதிரே தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தார். பந்தியிலிருந்து இலையில் கட்டி அவருக்குச் சாப்பாடு போயிற்று, யார் கட்டிக் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை, கட்டிக் கொடுத்த தவசியும் சொல்லவில்லை.

இப்போது நான் மறுபடி யூலாந்தில், தெருவெல்லாம் பனி, பேருந்துக்குள் வழமையான மௌனம். போன வாரம் கடைசித் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது பாண்டி போன் செய்தார். "அண்ணே, உங்க மச்சான்கிட்டச் சொல்லுங்க. நேத்து ராத்திரி மழையில ரோட்டுல மண் சரிஞ்சு கெடக்கு, வெள்ளனே ஜீப்ப எடுக்க வேண்டாம்னு." அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மலைச்சரிவுதான் இருக்கிறது. நான் டென்மார்க்கிலிருந்து பெருமாள்மலைக்குப் போன் செய்தேன்.

"அவனுக்கு ரோட்டப் பத்தி என்ன தெரியும்?" என்றார் தவசி. சாவிக்கொத்தை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. "சரி மச்சான், எடுக்கல. அவன்கிட்டச் சொல்லிருங்க."

சொன்னேன். தவசி அன்று வண்டியை எடுக்கவில்லை. அவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.